செக்வோயா: அமெரிக்க வரைபடத்தில் இடம்பெறாத மாநிலம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஒரு நிலப்பகுதி எவ்வாறு மாநிலமாகலாம் என்பதற்கான வழியை 1787-இல் இயற்றப்பட்ட வடமேற்கு நிலப்பரப்புச் சட்டம் முதன்முதலில் வகுத்தது. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கேயுள்ள பகுதிகளுக்காக எழுதப்பட்ட அச்சட்டத்தின்படி, 60,000 சுதந்திரக் குடிமக்கள் சேர்ந்ததும் ஒரு பகுதி தனக்கென அரசியலமைப்பை எழுதிக்கொண்டு, பழைய மாநிலங்களுக்குச் சமமான உரிமையோடு ஒன்றியத்தில் சேரலாம். 1803-இல் ஒஹாயோ அவ்வாறே சேர்ந்தது. பின்வந்த பல மாநிலங்களும் ஏறத்தாழ இதே தடத்தில் நடந்தன. ஆனால் இந்த வழியை முறையாகக் கடந்து வந்த பின்னரும் ஒரு மக்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1830-இல் நிறைவேறிய பூர்வகுடிகள் அகற்றல் சட்டத்தைத் தொடர்ந்து, செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து இனத்தார் தென்கிழக்கிலிருந்த தங்கள் தாய்மண்ணைவிட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தப்பட்டார்கள். அந்தப் பயணத்தில் செரோக்கியர் மட்டும் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களுக்குத் தரப்பட்ட புதிய நிலம், அவர்களின் சம்மதமின்றி எக்காலத்திலும் எந்த மாநிலத்தின் எல்லைக்குள்ளும் சேர்க்கப்படாது என்று 1835-ஆம் ஆண்டின் செரோக்கி ஒப்பந்தம் உறுதி கூறியது. சம்மதம் என்ற அந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்நிலத்தில் அவர்கள் அரசுகளையும் பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். ஆனால் 1889 ஏப்ரல் 22 அன்று அண்டைப் பகுதி குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட, மேற்கே ஓக்லஹோமா பிரதேசமும் கிழக்கே பூர்வகுடிகளின் பகுதியான ‘இந்தியப் பிரதேச’மும் என நிலம் இரண்டாகியது. 1898-இன் கர்ட்டிஸ் சட்டம் பொதுவில் இருந்த நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தது. பூர்வகுடி அரசுகள் 1906 மார்ச் மாதத்தோடு முடிவுக்கு வரும் என்றும் ஏற்பாடாயிற்று.

தங்கள் அரசுகள் அழியப்போகின்றன என்றறிந்த தலைவர்கள், தனி மாநிலமாவதே எஞ்சியுள்ள வழி என முடிவுசெய்து, 1905 ஆகஸ்டில் மஸ்கோகி நகரில் மாநாடு கூட்டினார்கள். கிரீக் தலைவர் பிளசன்ட் போர்ட்டர் தலைமை வகித்தார். கிரீக் கவிஞர் அலெக்சாண்டர் போசி செயலாளராக இருந்தார். செரோக்கி மொழிக்கு எழுத்து வகுத்துத் தந்த செக்வோயாவின் பெயரே மாநிலத்துக்குச் சூட்டப்பட்டது. வெள்ளையரும் அம்மாநாட்டில் பங்கேற்றார்கள். அப்போது இந்தியப் பிரதேசத்தில் அவர்களே பெரும்பான்மையினர் என்பதால், இதை ஓரினத்தாரின் கோரிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 56,279 பேர் அரசியலமைப்பை ஆதரித்தார்கள். 9,073 பேர் மட்டுமே எதிர்த்தார்கள்.

ஆயினும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அந்தக் கோரிக்கை முன்னகரவேயில்லை. இரு பிரதேசங்களும் இரண்டு மாநிலங்களாகிவிட்டால் ஜனநாயகக் கட்சிக்கு நான்கு செனட் இடங்கள் கிடைக்கக்கூடும் என்ற கணக்கு அன்று ஆட்சியிலிருந்த குடியரசுக் கட்சியினரிடம் இருந்தது. குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் இரண்டையும் ஒன்றாக இணைக்கவே பரிந்துரைத்தார். மக்கள்தொகை, அரசியலமைப்பு, வாக்கெடுப்பு ஆகிய எதிலும் குறைகாண முடியாத ஒரு கோரிக்கை கட்சிக் கணக்கில் வீழ்ந்தது என்பதே என் கருத்து.

1907 நவம்பர் 16 அன்று ஓக்லஹோமா 46-ஆவது மாநிலமாயிற்று. போர்ட்டர் அதே ஆண்டு செப்டம்பரில் காலமாகியிருந்தார். மஸ்கோகி மாநாட்டில் துணைத் தலைவர்களாக இருந்தவர்களில் சார்ல்ஸ் ஹாஸ்கெல் புதிய மாநிலத்தின் முதல் ஆளுநரானார். வில்லியம் மர்ரி அதன் அரசியலமைப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். செக்வோயாவுக்காகப் பழகிய கைகளே ஓக்லஹோமாவின் அரசியலமைப்பையும் உருவாக்கின.

ஆனால் கிரீக் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்ற தகுதியைக் காங்கிரஸ் ஒருபோதும் சட்டப்படி நீக்கவில்லை என்று 2020 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. டல்சா நகரின் பெரும்பகுதியும் அடங்கிய அந்நிலத்தில் பூர்வகுடியினர்மீது கடுங்குற்ற வழக்கு நடத்தும் அதிகாரம் மாநில அரசுக்கு இல்லை என்பது அத்தீர்ப்பால் உறுதியாயிற்று.