ப்ராசஸர் எதற்காகக் காத்திருக்கிறது?

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காசிமேட்டிலிருந்து விசைப்படகு கிளம்புவதற்கு முன்னால் காற்று எவ்வளவு, அலை எவ்வளவு உயரம் என்று விசாரிக்காதவர்கள் இன்றைக்குக் குறைவு. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிலையமும் வானிலை ஆய்வுத் துறையும் கொடுக்கும் அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் மிகப் பெரிய கணக்கு ஒன்று ஓடுகிறது. புயல் கரையைத் தொடுவதற்கு முன்னால் அது முடிந்தாக வேண்டும். அப்பழுக்கில்லாத விடை ஒரு நாள் தாமதமாக வந்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. கணக்கைச் சரியாகப் போடுவது ஒரு வேலை, நேரத்துக்குள் போட்டு முடிப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைதான் என் ஆராய்ச்சி. பேரலல் கம்ப்யூட்டிங், அதாவது இணைக் கணிமை: ஒரு வேலையைப் பல ப்ராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் செய்ய வைப்பது.

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். அப்பா ஹார்பரில் டாலி கிளார்க். நான் ஆராய்ச்சிக்குள் வந்த காலத்தில் கம்ப்யூட்டர் உலகமே திசை மாறிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் ப்ராசஸரின் கிளாக் வேகம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. ப்ரோக்ராம் மெதுவாக ஓடுகிறதா, சரி, அடுத்த மாடல் வரட்டும் என்று இருந்துவிடலாம். 2004, 2005 வாக்கில் அந்த ஏற்றம் நின்றது. சிப்பில் கிளம்பும் சூட்டைச் சமாளிக்க முடியவில்லை. நாலு கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் போய் முட்டிக்கொண்டது. கம்பெனிகள் ஒரே சிப்புக்குள் இரண்டு கோர், நாலு கோர் என்று வைக்க ஆரம்பித்தன. கோர் என்றால் தனியாகக் கணக்குப் போடக்கூடிய ஒரு ப்ராசஸர் பகுதி. இன்று உங்கள் செல்போனிலேயே எட்டுக் கோர் சாதாரணம். ஆனால் ஒரு கோருக்காக எழுதிய ப்ரோக்ராம் எட்டுக் கோரில் தானாகப் பிரிந்து ஓடாது. யாராவது வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு பிரித்தாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் இடிக்கும். ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் இதை 1967-இலேயே சொல்லிவிட்டார். எந்த வேலையிலும் பிரிக்க முடியாத பகுதி கொஞ்சம் இருக்கும், கடைசியில் அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும் என்றார். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஜீரோ கேட்டில் பேப்பர் பார்த்து உள்ளே விடும் வேகம் மாறாத வரைக்கும், லாரிகளை இரண்டு மடங்காக்கினால் வரிசைதான் நீளும். எண்களில் சொல்கிறேன். ஒரு வேலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிரிக்க முடியாதது என்று வையுங்கள். 100 ப்ராசஸர் போட்டால் ஏறக்குறைய 17 மடங்கு வேகம் கிடைக்கும். 1000 போட்டால் 20 மடங்கைக்கூட எட்டாது. கூடுதலாக வாங்கிய 900 ப்ராசஸருக்கும் சேர்த்துக் கிடைத்தது மூன்று மடங்குக்கும் குறைவு.

அப்படியானால் லட்சக்கணக்கான கோர்களை வைத்து சூப்பர் கம்ப்யூட்டர் கட்டுவது எதற்கு? 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் கஸ்டாஃப்சன் இதற்குப் பதில் கொடுத்தார். 1024 ப்ராசஸர் கொண்ட மெஷினில் அவருடைய குழு 1000 மடங்குக்கு மேல் வேகம் காட்டியது. பெரிய மெஷின் கிடைத்தவர்கள் பழைய கணக்கையே வேகமாகப் போட்டுக்கொண்டிருப்பதில்லை, கணக்கைப் பெரிதாக்குகிறார்கள் என்பது அவருடைய வாதம். அப்போது பிரிக்கக்கூடிய பகுதி வளர்கிறது. பிரிக்க முடியாதது அவ்வளவாக வளர்வதில்லை.

வானிலைக் கணக்கில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரம், அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் உலகம் முழுவதற்குமான கணக்கில் கட்டத்தின் அகலம் 12 கிலோமீட்டராக இருந்தது. அந்த அளவில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே கட்டம். மூன்று ஊருக்கும் ஒரே மழை. 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்கணிப்பு முறையில் கட்டம் 6 கிலோமீட்டராகச் சுருங்கியது. அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நாலு மடங்கு. போதாததற்கு, கட்டம் சின்னதானால் நேரத்தையும் சின்னத் துண்டுகளாக நறுக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு நிலைகுலைந்துவிடும். ஆக வேலை எட்டு மடங்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் தண்ணீர் நின்ற நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியில் எவ்வளவு கொட்டும் என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் சின்னக் கட்டம் வேண்டும். அதற்கான வேகம் எங்கிருந்து வரும் என்பதுதான் எங்கள் கேள்வி.

நிறைய பேர் புது மெஷினிலிருந்து வரும் என்று நினைக்கிறார்கள். இத்தனை வருஷ வேலையில் நான் கண்டது வேறு. மெஷின் கணக்குப் போடுவதில் சளைப்பதே இல்லை. அது காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. ஒரு கோருக்கு இரண்டு எண்களைப் பெருக்க ஏறக்குறைய ஒரு நானோ வினாடி, அதாவது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, போதும். அந்த எண்கள் மெயின் மெமரியிலிருந்து வந்துசேரத்தான் சுமார் நூறு நானோ வினாடி ஆகிறது. இந்த இடைவெளியைக் குறைக்க நடுவில் கேஷ் என்ற சின்ன, வேகமான மெமரியை வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு எண்ணைக் கேட்டால் மெமரி ஒரு எண்ணை மட்டும் அனுப்பாது. பெரும்பாலான ப்ராசஸர்களில் 64 பைட், அதாவது அடுத்தடுத்து இருக்கும் எட்டு எண்கள், ஒரே கட்டாகக் கேஷுக்கு வரும். எட்டையும் பயன்படுத்துகிறோமா, ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழைத் தள்ளிவிடுகிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் மாணவி ஒருவர் செயற்கைக்கோள் படங்களில் ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் எத்தனை புள்ளிகள் என்று எண்ணும் ப்ரோக்ராம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு கோரில் நன்றாக ஓடியது. எட்டுக் கோரில் ஓடவிட்டால் அதைவிட மெதுவாக ஓடியது. வேலை சரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது, விடையும் சரி. பிறகு கேஷ் பக்கம் போய் அளந்து பார்த்தோம். ஒவ்வொரு கோரும் தன் எண்ணிக்கையைத் தனித்தனியாகத்தான் வைத்திருந்தது, ஆனால் அவை மெமரியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ஒரே 64 பைட் கட்டுக்குள் எட்டுப் பேரின் எண்ணிக்கை. ஒரு கோர் தன்னுடையதை மாற்றினால் மற்ற ஏழு கோர்களிடமும் இருக்கும் நகல் செல்லாது. அந்தக் கட்டு கோருக்குக் கோர் பறந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கைகளுக்கு நடுவில் 64 பைட் இடைவெளி விட்டார், அவ்வளவுதான். ஒரு வரி மாற்றத்தில் ப்ரோக்ராம் சீறிக்கொண்டு போனது. அந்தப் பெண்ணின் முகத்தில் அன்று பார்த்த மலர்ச்சிக்காகவே இந்தத் துறையில் காலம் தள்ளலாம்.

உலகத்தின் மிகப் பெரிய மெஷின்களுக்கும் இதே கதைதான். 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் தரவரிசையை 1993-இல் தொடங்கியவர்களில் ஒருவர் ஜாக் டாங்காரா. அணிக் கணக்குகளுக்கான, அதாவது மேட்ரிக்ஸ் கணக்குகளுக்கான, மென்பொருள் நூலகங்களில் பல பத்தாண்டுகள் உழைத்து, கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 2021-ஆம் ஆண்டுக்குப் பெற்றவர். அந்தத் தரவரிசைக்கான சோதனை லின்பேக். 2022-இல் ஃப்ரான்டியர் என்ற மெஷின் அதில் வினாடிக்குப் போடும் கணக்குகளில், ஒன்றுக்குப் பின் பதினெட்டு சைபர் போட்ட எண்ணிக்கையைத் தாண்டியது. ஆனால் லின்பேக் மட்டும் போதாது, நிஜமான விஞ்ஞானக் கணக்குகள் மெமரியை நம்பித்தான் ஓடுகின்றன என்று சொல்லி இன்னொரு சோதனையை உருவாக்கியவர்களிலும் டாங்காரா ஒருவர். அதில் அதே ஃப்ரான்டியர் கொடுத்தது முதல் சோதனையில் கொடுத்ததில் நூறில் ஒரு பங்கு அளவுதான். தான் தொடங்கிய பட்டியலின் குறையைத் தானே எடுத்துக் காட்டியவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு.

பிரான்சஸ் ஆலனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணித டீச்சராக இருந்தவர். படிப்புக் கடனை அடைப்பதற்காக 1957-இல் ஐபிஎம்மில் சேர்ந்தார், அடைத்ததும் பள்ளிக்குத் திரும்பிவிடலாம் என்று. 2002 வரை அங்கேயே இருந்தார். மனிதர்கள் எழுதும் ப்ரோக்ராமை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர்; அந்தக் கம்பைலரே ப்ரோக்ராமை அலசி, வேகமாக்கி, பல ப்ராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 2006-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது; அந்த விருதைப் பெற்ற முதல் பெண். படிப்புக் கடனோடு வேலைக்குப் போகும் பெண்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே பாதையில் 2008-இல் வந்தது ப்ளூட்டோ என்ற கருவி. லூப்களை, அதாவது ப்ரோக்ராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிகளை, தானாகவே மாற்றியடுக்கி, கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதை உருவாக்கிய உதய் பொண்டுகுலா, அவருடைய வழிகாட்டி சடையப்பன், இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள்.

நம் நாட்டில் 1991-இல் சி-டாக் நிறுவனம் விஜய் பட்கர் தலைமையில் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டியது. 2004-இல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் கப்ரு என்ற மெஷின் அந்த 500 பேர் உலகப் பட்டியலில் இடம்பிடித்தது. மெஷின் கட்ட நமக்குத் தெரியும். ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்து மெஷின் வாங்கிவிட்டு, அதில் ஓடும் ப்ரோக்ராமை அளந்து பார்க்க ஒரு ஆளைக்கூடப் போடாத இடத்தை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். முக்கால்வாசி நேரம் கோர்கள் டேட்டாவுக்காகச் சும்மா நின்றன. அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய மெஷினுக்கு டெண்டர் விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மெஷின் வாங்கும்போதே அதைப் பழக்கும் ஆட்களுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும் என்று போகும் இடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம், அரசு கொடுத்த லேப்டாப் போதும். சி மொழியில் 2000 நிரை, 2000 நிரல் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்கும் ப்ரோக்ராம் எழுதுங்கள். ஐ, ஜே, கே என்று மூன்று லூப். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி கே லூப்பை உள்ளே வைத்தால் இரண்டாவது அணியை மேலிருந்து கீழாகப் படிப்பீர்கள். சி மொழியோ அணியை நிரை நிரையாக அடுக்கி வைக்கிறது. எண் ஒன்றுக்கு 8 பைட் என்றால், ஒவ்வொரு முறையும் 16,000 பைட் தாண்டல். கம்பைலரின் ஆப்டிமைசேஷனை, அதாவது தானாக வேகமாக்கும் வசதியை, அணைத்துவிட்டு ஓடவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஜே லூப்பையும் கே லூப்பையும் இடம் மாற்றுங்கள். பெருக்கல் ஒன்றுகூடக் குறையவில்லை, விடையும் அதேதான், நேரம் மட்டும் இறங்கும். பிறகு ஆப்டிமைசேஷனை முழுசாகப் போட்டு, பழைய வரிசையிலேயே ஒரு முறை ஓடவிடுங்கள். சில கம்பைலர்கள் அந்த இடமாற்றத்தைத் தாங்களே செய்துவிடும். உங்களுடையது செய்கிறதா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் ஏன் செய்யவில்லை என்று தேடுங்கள்.

நன்றி, வணக்கம்.