வியட்நாமை வகுப்பில் நடத்தும்போது 1975ஓடு நிறுத்தாதீர்கள்

(மேல்நிலைப் பள்ளி வரலாறு, பொருளியல் ஆசிரியர்கள் கூடிய ஓர் அரங்கில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் வியட்நாம் என்றால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். ஹோ சி மின், அமெரிக்கா தோற்ற போர், அவ்வளவுதான். 1975 ஏப்ரல் 30, சைகோன் விழுந்தது, போர் முடிந்தது, பாடமும் முடிந்தது. ஆனால் இன்றைக்கு வியட்நாமில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்தவர்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அந்த நாட்டை நடத்தி முடித்துவிடுகிறோம்.

கொஞ்சம் அக்கறையுள்ள ஆசிரியர்கள் மிச்சக் கதையையும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். 1986இல் கம்யூனிஸ்ட் கட்சி 'டோய் மோய்' என்று பொருளாதாரச் சீர்திருத்தம் கொண்டுவந்தது, நாடு முன்னேறியது. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் மனதில் என்ன பதியும்? மேலே நாலு பேர் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள், கீழே எல்லாம் மாறிவிட்டது என்றுதான். நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். ஜனங்கள் முதலில் விதியை மீறினார்கள், மீறினால்தான் சோறு என்ற நிலைமை, அந்த மீறல் பெருகிப் பெருகி அடக்க முடியாமல் போனபோது கட்சி அதையே கொள்கையாக எடுத்துக்கொண்டது. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

எங்கே ஆரம்பிப்பது? நான் ஒரு செங்கல்லில் இருந்து ஆரம்பிப்பேன். போருக்குப் பிந்தைய பத்து வருடங்களில் தலைநகர் ஹனோயில் அரிசி, இறைச்சி, மண்ணெண்ணெய், துணி எல்லாமே அட்டைக்கும் கூப்பனுக்கும்தான். விடிவதற்கு முன்னாலேயே வரிசை. வேலைக்கும் போகவேண்டும், வரிசையையும் விடக்கூடாது என்பதால் ஒரு செங்கல்லில் பேரை எழுதித் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். 2006இல் ஹனோயின் இனவியல் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு கண்காட்சியே வைத்தார்கள். யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால் 'அரிசி அட்டையைத் தொலைத்தவன் மாதிரி' என்று அங்கே கேலி செய்வது உண்டு. அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் பன்றி வளர்த்திருக்கிறார்கள், அதுவும் சாதாரணமாக, சம்பளம் பத்தாத அரசு ஊழியர்களும் பேராசிரியர்களும்கூட. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் கேளுங்கள்: உலகத்திலேயே நெல் நன்றாக விளையும் இரண்டு டெல்டாக்கள், வடக்கே செந்நதி, தெற்கே மீகாங், இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நாடு அரிசிக்கு ஏன் வரிசையில் நிற்கிறது?

போர் நாசம் என்பார்கள், அது உண்மை. அமெரிக்கப் பொருளாதாரத் தடை என்பார்கள், அதுவும் உண்மை, 1994 வரை இருந்தது. 1978 கடைசியில் கம்போடியாவுக்குள் படை போனது, அடுத்த வருடமே சீனா வடக்கு எல்லையில் தாக்கியது, அந்தச் செலவு வேறு. ஆனால் இதெல்லாம் வெளியே இருந்து வந்த காரணங்கள். உள்ளே இருந்த காரணத்தைக் காட்ட ஒரு சின்ன கணக்குப் போதும். வடக்கே கூட்டுப்பண்ணைகளில் நிலம் முழுக்கக் கூட்டுறவுக்குச் சொந்தம், மணி அடித்தால் வயலுக்குப் போகவேண்டும், நாள் வேலைக்குப் புள்ளி போடுவார்கள், அறுவடைக்கு அப்புறம் புள்ளிக்குத் தக்க நெல். ஆனால் நூற்றில் ஐந்து பங்கு நிலத்தை மட்டும் காய்கறி போட்டுக்கொள்ளவும் பன்றி, கோழி வளர்க்கவும் குடும்பங்களுக்கு விட்டிருந்தார்கள். பல குடும்பங்களுக்குக் கூட்டுப்பண்ணையில் கிடைத்ததைவிட இந்தத் துண்டு நிலத்தில் இருந்துதான் அதிக வருமானம். கரும்பலகையில் 95 என்றும் 5 என்றும் எழுதிவிட்டு ஏன் என்று கேளுங்கள், ஒரு பீரியட் முழுக்க அதிலேயே ஓடும். சோம்பேறித்தனம் என்று ஒருவன் சொல்வான். அதே ஆள்தானே சாயங்காலம் தன் துண்டில் கொத்திக்கொண்டிருக்கிறான், அங்கே மட்டும் சோம்பல் எங்கே போனது என்று இன்னொருத்தி கேட்பாள். நீங்கள் சும்மா இருந்தாலே போதும்.

அப்புறம் கிம் நொக் கதையைச் சொல்லுங்கள். நம் ஊரில் இவர் பேரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. வின் ஃபுக் மாகாணத்துக் கட்சிச் செயலாளர். போர் நடந்துகொண்டிருந்த 1966லேயே, கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகை மாதிரிப் பிரித்துக்கொடுங்கள், நிர்ணயித்த அளவைச் செலுத்திவிட்டு மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று அனுமதித்தார். விளைச்சல் கூடியது. 1968இல் மத்தியில் இருந்து கண்டனம் வந்தது, தன் 'தவறை' எழுத்தில் ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. 1979இல் இறந்துபோனார். அவர் செத்து 30 வருடம் கழித்து, 2009இல், ஹோ சி மின் விருது கொடுத்தார்கள்! அவரை அன்றைக்குக் கடுமையாகக் கண்டித்தவர் கட்சியின் மூத்த தலைவர் துரோங் சின். அதே துரோங் சின் 1986 ஜூலையில் கட்சியின் பொதுச்செயலாளர் லே ஸுவான் இறந்தபின் சில மாதங்கள் அந்தப் பதவியில் இருந்தபோது, டிசம்பரில் நடந்த ஆறாவது கட்சி மாநாட்டுக்கான அறிக்கையைச் சீர்திருத்தத்தின் பக்கம் திருப்பினார். மனிதர் மாறினாரா, நிலைமை மாற்றியதா? வகுப்பில் அடித்துக்கொள்ளட்டும்.

தெற்கே வேறொரு மாதிரி. ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, அரிசி வேண்டும். விவசாயி அரசு விலைக்கு விற்கமாட்டேன் என்கிறான், கிலோவுக்கு அரசு கொடுப்பது அரை டோங் (அவர்கள் நாணயம்) அளவுதான், சந்தையில் இரண்டரை. அப்போது நகரக் கட்சிச் செயலாளராக இருந்தவர் வோ வான் கியட், பின்னாளில் பிரதமர் ஆனார். அவர் பா தி என்ற பெண்மணியைக் கூப்பிட்டு, மீகாங் பக்கம் போய்ச் சந்தை விலைக்கே வாங்கிவரச் சொன்னார். சட்டப்படி அது குற்றம். இதற்காக நீங்கள் ஜெயிலுக்குப் போனால் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கியட் சொன்னதாக ஒரு கதை அங்கே வெகு பிரபலம். இந்த மாதிரி மீறல்களை வியட்நாமியர்களே 'வேலி உடைப்பு' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பக்கம் வேலி உடைகிறது, இன்னொரு பக்கம் 1985இல் பத்துப் பழைய டோங்குக்கு ஒரு புது டோங் என்று பணத்தை மாற்றினார்கள், அது விபரீதமாகி 1986இல் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது. இந்த இடத்தில்தான் டோய் மோய் வருகிறது. முன்னால் சொன்னதையெல்லாம் சொல்லாமல் இந்த ஒரு தேதியை மட்டும் மனப்பாடம் செய்யவைத்து என்ன பிரயோஜனம்?

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1988இல் வடக்கே பல மாகாணங்களில் பட்டினி. அந்த ஏப்ரலில் 'தீர்மானம் 10' வந்து நிலத்தை நீண்ட காலத்துக்குக் குடும்பங்களிடம் விட்டார்கள், கிம் நொக் கேட்டதுதான். 1989இல் அதே நாடு சுமார் 14 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. 1993 கணக்கெடுப்பில் வறுமைக்கோட்டுக்குக் கீழே 58 சதவீதம் பேர், 1998இல் 37. காபியில் பிரேசிலுக்கு அடுத்த இடம். இதற்குமேல் எண்களை அடுக்காதீர்கள், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

ஆனால் இதை வெற்றிக்கதையாக மட்டும் நடத்தினால் அது விளம்பரம். கூட்டுப்பண்ணை கலைந்தபோது அதோடு ஒட்டியிருந்த கிராமச் சுகாதார நிலையம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் ஆட்டம் கண்டன. 1989ஐ ஒட்டி ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் கட்டணம் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு வயலுக்குப் போன பிள்ளைகள் ஏராளம், சம்பளம் கட்டுப்படியாகாமல் வேலையை விட்ட ஆசிரியர்களும் உண்டு. டியூஷன் அங்கே இன்றைக்கும் பெரிய பிரச்சினை, அதைக் கட்டுப்படுத்த 2025இல்கூட ஒரு சுற்றறிக்கை அமலுக்கு வந்தது. (உங்கள் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று புரிகிறது.) 2012இல் பிசா என்ற, 15 வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேசத் தேர்வில், அறிவியலில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் வியட்நாம் முந்தியது என்று உலகமே ஆச்சரியப்பட்டது. அந்த வயதுப் பிள்ளைகளில் கணிசமான பகுதி பள்ளியிலேயே இல்லாததால் அந்தத் தேர்வுக்குள் வரவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதே நேரத்தில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே நன்றாகத்தான் எழுதினார்கள் என்பதை மறைக்கவும் கூடாது.

இன்றைய சமூகத்துக்கு வந்தால் பாக் நின் மாகாணத்தைக் காட்டுங்கள். ஹனோய்க்குப் பக்கத்தில், வயலாகக் கிடந்த இடம். 2009இல் சாம்சங் அங்கே கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. இப்போது அந்தக் கம்பெனி உலகத்துக்கு விற்கும் கைபேசிகளில் ஏறத்தாழ பாதி வியட்நாமில்தான் தயாராகிறது. வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், தூரத்துக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். தொழிற்பேட்டையைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வாடகை அறைகள், ஒரு கட்டில் போட்டால் அடுப்பு வைக்கத்தான் இடம் இருக்கும், கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் அதை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவருகிறார்கள். ஏன் கூடவே வைத்துக்கொள்ளவில்லை? ஷிஃப்ட் வேலை ஒரு காரணம். 'ஹோ கௌ' என்ற குடும்பப் பதிவு இன்னொன்று. பதிவு சொந்த ஊரில் இருந்தால், வந்த ஊர் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது பல காலம் குதிரைக்கொம்பாக இருந்தது. அந்தப் பதிவுப் புத்தகத்தையே 2022 கடைசியில்தான் ஒழித்தார்கள்.

நாட்டின் ஏற்றுமதியில் எழுபது சதவீதம் அளவுக்கு வெளிநாட்டு நிறுவனங்களுடையது. உதிரிபாகங்களில் பெரும்பகுதி கொரியாவில் இருந்தும் சீனாவில் இருந்தும் வருகிறது. அப்படியானால் கைபேசி விலையில் பாக் நின்னில் தங்குவது எவ்வளவு? பொருளியல் ஆசிரியர்கள் இதை விடக்கூடாது.

நிலத்தையும் விடக்கூடாது. அங்கே நிலம் 'முழு மக்களுக்கும் சொந்தம்', அரசு நிர்வகிக்கிறது, குடும்பத்துக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை. 1993 சட்டப்படி அதை மாற்றலாம், வாரிசுக்குக் கொடுக்கலாம், அடமானம் வைக்கலாம். ஆனால் தொழிற்பேட்டைக்கோ அடுக்குமாடிக்கோ அரசு கேட்டால் கொடுத்தாகவேண்டும், விலையையும் அரசே சொல்லும். 2012இல் ஹாய் ஃபோங் பக்கம் தியென் லாங்கில் ஒரு மீன்பண்ணைக் குடும்பம் வெளியேற்ற வந்தவர்களை நாட்டுத் துப்பாக்கியோடு எதிர்த்தது. அந்த வெளியேற்றமே சட்டவிரோதம் என்று பின்னால் பிரதமரே சொல்லவேண்டி வந்தது, ஆனாலும் அந்தக் குடும்பத்து ஆண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். இதை எழுதும் பத்திரிகையாளருக்கும் அங்கே சுதந்திரம் குறைவு. ஒரே கட்சி, சுதந்திரமான தொழிற்சங்கம் கிடையாது. வியட்நாமுக்குப் பத்துக்குப் பத்து போடவேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும். இன்னொன்று, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மீகாங் நெல்வயல்களின் பேரில் கடன் கொடுத்தவர்களில் நம் செட்டிநாட்டார்களும் இருந்தார்கள். கடனில் நிலம் போவது அங்கே எவ்வளவு பழைய காயம் என்று பேச இது ஒரு வழி.

கடைசியாகத் தூத்துக்குடி. 2025 ஆகஸ்டில் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் என்ற வியட்நாம் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தார்கள். அந்தக் கம்பெனியின் நிறுவனர் ஃபாம் நாட் வுவோங் 1968இல் ஹனோயில் பிறந்து, மாஸ்கோவில் படித்து, உக்ரைனில் நூடுல்ஸ் விற்றுப் பணம் பார்த்து, அந்தத் தொழிலை 2010இல் நெஸ்லேவுக்குக் கைமாற்றியவர். ஊர் திரும்பிப் பெரிய பணக்காரர் ஆனது முக்கியமாக ரியல் எஸ்டேட்டில், அதாவது நான் இப்போது சொன்ன அதே நிலத்தில். சாம்சங் வந்தபோது பாக் நின் என்னென்ன சலுகை கொடுத்தது, யார் நிலம் போனது, வேலைக்கு வந்த பெண்கள் எங்கே தங்கினார்கள் என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்டிருப்பார்கள். அதே மூன்று கேள்விகளைத் தூத்துக்குடிக்கும் கேட்டு ஒரு புராஜெக்ட் எழுதச் சொல்லுங்கள். அந்த மாவட்டத்து ஆசிரியர்கள் இங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், பேருந்து ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.