குழந்தை தெரபிஸ்ட் ஆகணுமா? ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம். "குழந்தைகளோட வேலை பார்க்கணும், தெரபிஸ்ட் ஆகணும், என்ன படிக்கலாம்?" பிளஸ் டூ பசங்க கேக்கறாங்க, அவங்க அப்பா அம்மா கேக்கறாங்க, ஏற்கெனவே ஒரு டிகிரி முடிச்சவங்களும் கேக்கறாங்க. இதுக்கு ஒரே பதில் கிடையாது. சென்னையில அண்ணா நகர், வேளச்சேரி, தாம்பரம், எங்க ஒரு தெரபி சென்டருக்குள்ள போனாலும் வேற வேற படிப்பு படிச்சவங்க பக்கத்துப் பக்கத்து ரூம்ல உக்காந்திருப்பாங்க. அதுல எந்த ரூம் உங்களுக்குன்னு முதல்ல தெரியணும்.

[காட்சி: சின்ன அறை. தரையில் பாய். சோப்புக் குமிழி பாட்டில்.]

இது ஸ்பீச் தெரபி ரூம். மூணு வயசுக் குழந்தை, இன்னும் பேச்சு வரலை. தெரபிஸ்ட் குமிழி ஊதுறாங்க, குழந்தை ஓடி ஓடி உடைக்குது. ரெண்டு மூணு தடவை ஊதிட்டு, மூடியை இறுக்கி மூடி, பாட்டிலைக் குழந்தை கையில குடுத்துட்டு அப்படியே உக்காந்துடறாங்க. குழந்தை திருகிப் பாக்குது, வரலை. அம்மாவைப் பாக்குது. "கேளு கண்ணா"ன்னு அம்மா வாயெடுக்கறாங்க. தெரபிஸ்ட் வேணாம்னு கையைக் காட்டறாங்க. கடைசியா குழந்தை தெரபிஸ்ட் முகத்தைப் பார்த்து பாட்டிலை நீட்டுது. "ஊ"ன்னு ஒரு சத்தம். உடனே மூடி திறக்குது.

பாக்கறவங்களுக்கு இது விளையாட்டு. ஆனா எவ்வளவு நேரம் காத்திருக்கணும், எந்தச் சத்தத்தை "குழந்தை கேட்டுடுச்சு"ன்னு எடுத்துக்கணும், எப்ப அடுத்த படிக்குப் போகணும், இதெல்லாம் தெரிஞ்சு செய்யறதுக்குத்தான் நாலு வருஷம் படிக்கறாங்க. அந்தப் படிப்பு பிஏஎஸ்எல்பி. பேச்சு மட்டும் இல்ல, காது கேட்கும் திறனும் இதுக்குள்ள வரும். கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம், ஈசிஆர்ல முட்டுக்காட்டுல இருக்கற நிப்மெட், எல்லாத்துலயும் இந்தப் படிப்பு இருக்கு. நிப்மெட் (NIEPMD), பல வகை குறைபாடு உள்ளவங்களுக்காக 2005-ல ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம். ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க, பல வகை தெரபியும் ஒரே வளாகத்துல நடக்கும்.

[காட்சி: கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல், களிமண், துணி கிளிப்.]

அடுத்தது ஆக்குபேஷனல் தெரபி. பென்சில் பிடிக்க வராத குழந்தை, சட்டை பட்டன் போட முடியாத குழந்தை, மிக்ஸி சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு அழற குழந்தை. இவங்களோட வேலை செய்யறவங்க பிஓடி, அதாவது ஆக்குபேஷனல் தெரபி டிகிரி, படிச்சவங்க. காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம்ல இதுக்குன்னே தனி காலேஜ் இருக்கு. நாலரை வருஷமா இருந்த படிப்பு. 2021-ல வந்த துணை மருத்துவப் படிப்புகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்கு அப்புறம் பாடத்திட்டம் மாறிக்கிட்டு வருது. அதனால நீங்க சேர்ற வருஷத்துக்கு எவ்வளவு காலம்னு காலேஜ்லயே கேட்டுக்கோங்க. பத்தாவது முடிச்சு குரூப் எடுக்கப் போறவங்க கவனிங்க: இந்தக் கதவு திறக்கணும்னா பிளஸ் டூல பயாலஜி வேணும்.

சைக்காலஜிக்கு அப்படி இல்ல, எந்த குரூப் எடுத்தாலும் போகலாம். ஆனா பாதை நீளம். குழப்பமும் இங்கதான் அதிகம். பி.எஸ்ஸி., அப்புறம் எம்.எஸ்ஸி. முடிச்சதும் "நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்"னு போர்டு மாட்ட முடியாது. அதுக்கு மேல ரெண்டு வருஷம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அனுமதி பெற்ற எம்.ஃபில். படிக்கணும்கறதுதான் இத்தனை நாளா இருந்த வழி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எம்.ஃபில்.லையே நிறுத்திட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரைக்கும் அவகாசம் குடுத்தது. அதனால இப்ப பி.எஸ்ஸி.ல இருக்கறவங்க அண்ணன், அக்கா போன வழியையே நம்பிப் போகாதீங்க. புது வழி என்னன்னு ஆர்சிஐ இணையதளத்துல பாருங்க. இன்னொண்ணு, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலேர்ந்து சைக்காலஜியை தொலைதூரக் கல்வியிலயோ ஆன்லைன்லயோ நடத்தக் கூடாதுன்னு யுஜிசி சொல்லிடுச்சு. "வீட்லேர்ந்தே சைக்காலஜி டிகிரி"ன்னு யாராவது போன் பண்ணா வெச்சுடுங்க.

தமிழோ கணக்கோ படிச்சிட்டு இப்ப இந்தப் பக்கம் வர நினைக்கறீங்களா? உங்களுக்கு சிறப்புக் கல்வி இருக்கு. டிகிரிக்கு மேல ரெண்டு வருஷ ஸ்பெஷல் பி.எட். பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு டிப்ளமோவும் உண்டு. தன் குழந்தைக்கு ஆட்டிசம்னு தெரிஞ்ச பிறகு இதைப் படிக்க வந்த அம்மாக்கள் இந்த ஊர்ல இருக்காங்க. அவங்க கிளாஸ்ல உக்கார்ற பொறுமையே வேற.

[திரையில் பெரிய எழுத்தில்: பதிவு எண் இருக்கா?]

இந்த வீடியோல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா இது. ஸ்பீச் தெரபி, கிளினிக்கல் சைக்காலஜி, சிறப்புக் கல்வி மூணும் 1992-ம் வருஷ இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்துக்குக் கீழ வருது. அந்த கவுன்சில்தான் ஆர்சிஐ. அதுல பேர் பதிஞ்சு எண் வாங்காம இந்த வேலை பாக்கறது சட்டப்படி குற்றம், ஜெயில் தண்டனை வரைக்கும் இடம் இருக்கு. ஆனா ஊரெல்லாம் மூணு மாச "சைல்டு தெரபி" சர்டிபிகேட் விளம்பரம் ஓடுது. அதை நம்பிச் சேர்ற பொண்ணு பணத்தை இழக்கறா, அது ஒரு பக்கம். அவகிட்ட வர்ற ரெண்டு வயசுக் குழந்தை இழக்கறது காலத்தை. மூளை வேகமா வளர்ற அந்த வயசுல தப்பான பயிற்சியில போன ஒரு வருஷத்தை யாராலயும் திருப்பிக் குடுக்க முடியாது. எனக்கு இதுல சமாதானமே கிடையாது. முறையாப் படிச்சவங்க கூடுதலா ஒரு சின்ன கோர்ஸ் பண்ணலாம், அதையே முதல் படிப்பா வெச்சுக்கக் கூடாது.

தமிழ் மீடியத்துல படிச்சவங்க தயங்கறாங்க. பாடம் இங்கிலீஷ்லதான் இருக்கும், முதல் வருஷம் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வியாசர்பாடியிலேர்ந்து வர்ற ஒரு பாட்டிகிட்ட, பேரனுக்கு வீட்ல என்ன பயிற்சி குடுக்கணும்னு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்ல உங்களாலதான் முடியும். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறவங்களுக்கு வேண்டியது அப்படிப் பேசற ஆளுங்க.

சேர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் ஒரு சிறப்புப் பள்ளியில தன்னார்வலரா இருந்து பாருங்க. 1985-லேர்ந்து நடக்கற கோட்டூர்புரம் வித்யாசாகர் மாதிரி இடங்கள்ல கேட்டுப் பாக்கலாம். குழந்தை கடிக்கும், துப்பும், பல வாரம் ஒரு மாற்றமும் தெரியாது. அப்பவும் மறுநாள் போகணும்னு தோணுதான்னு பாருங்க. ஆரம்ப சம்பளம் பெருசா இருக்காதுங்கறதையும் வீட்ல முன்னாடியே பேசிடுங்க.

காலேஜ் பாக்கப் போறப்ப ரெண்டு கேள்வி. இந்த வருஷ பேட்சுக்கு கவுன்சில் அனுமதி இருக்கா? இன்டர்ன்ஷிப்ல குழந்தைகள் பிரிவுல எவ்வளவு நாள் விடுவீங்க? வாயால சொன்னா போதாது, அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க. ஆர்சிஐ படிப்புன்னா அவங்க இணையதளத்துல அனுமதி பெற்ற கல்லூரிப் பட்டியல் இருக்கு. அதுல காலேஜ் பேர், படிப்பு பேர், எந்தக் கல்வியாண்டு வரைக்கும்னு மூணையும் பார்த்துட்டு ஃபீஸ் கட்டுங்க.