பக்கம் நகர்கிறது, கதை நகரவில்லை

நடுவர் அவர்களே! நெடுந்தொடர்களில் கதை மெல்ல நகர்வதுதான் அழகு, ஏமாற்றம் என்பவர்கள் பொறுமையற்றவர்கள் என்று எதிரணி நண்பர் பேசி அமர்ந்தார். துணைக்குப் 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் அழைத்துக்கொண்டார். அது எங்கள் கட்சி சாட்சி ஐயா! 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. ஏரிக்கரையை ரசித்துக்கொண்டே வந்த வந்தியத்தேவன், ஆறாவது அத்தியாயத்திலேயே கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டத்தை ஒளிந்திருந்து கேட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் வெறும் ஓலை கொண்டுபோகிறவன் இல்லை. நிதானம் வேறு, தேக்கம் வேறு.

தேக்கம் எப்படி வருகிறது? பாத்திரங்களைத் திசைக்கு ஒருவராகப் பிரித்துவிடுவதால் வருகிறது. எட்டுக் கதை இழை, 640 பக்கம் என்று வையுங்கள், இழைக்கு 80. முன்கதை நினைவூட்டலுக்குப் பத்து, பயணத்துக்கும் உடை வர்ணனைக்கும் முப்பது போனால் மிச்சம் நாற்பதுதான். இதைவிடப் பெரிய சிக்கல் காலக்கணக்கு. ஒருவர் முந்திவிட்டால், மற்ற ஏழு பேரும் வந்து சேரும்வரை அவரை நிறுத்திவைக்க வேண்டும்.

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில மிகுபுனைவு நாவல் வரிசையில் நடந்தது இதுதான். 2000-இல் வந்த ஒன்பதாம் புத்தகம் மாபெரும் நிகழ்வொன்றோடு முடிகிறது. அடுத்து என்ன என்று வாசகர் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார். 2003-இல் பத்தாவது வருகிறது. அதில் பெரும்பகுதி, அந்த நிகழ்வு நடந்தபோது மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான்! நாயகர்களில் ஒருவன் பெரின்; ஒன்பதில் கைதியாக இருக்கும் அவன் மனைவி பத்திலும் கைதி. மீட்பு பதினொன்றில், 2005-இல்.

உலகம் விரிகிறதே என்பார்கள். விரியட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் யாருக்கு என்ன தெரியும், யார் கை ஓங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒன்றாவது மாறியிருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தொடர்ந்து நான்கைந்து அத்தியாயம் தோற்றால், குறை வாசகரிடம் இல்லை.

அந்தப் பதினொன்றாம் புத்தகத்தையே பாருங்கள். பெரினின் மனைவி மீட்கப்படுகிறாள், இளவரசி எலேன் அரியணையை வெல்கிறாள், மாட் என்ற இன்னொரு நாயகனின் திருமணம் நடக்கிறது. அதே ஆசிரியர், அதே உலகம்! அவரால் முடிந்தது என்பதால்தான் பத்தாவது புத்தகம் அவ்வளவு வலிக்கிறது. 2007-இல் ஜோர்டன் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு, கடைசி மூன்று புத்தகங்களைப் பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013-இல் முடித்தார். இந்த முடிவை ஜோர்டன் கையாலேயே படிக்க ஆசைப்பட்டவர்களின் ஏமாற்றத்தைத்தான் எதிரணி பொறுமையின்மை என்கிறது, நடுவர் அவர்களே!