எடுத்த நுரையீரல் சொன்னது

அவையோருக்கு வணக்கம். முன்வரிசையில் மருத்துவ மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன்.

2020 ஜூன் மாதம். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனை. இருபதுகளில் இருந்த ஒரு பெண், கொரோனா தொற்றி ஆறு வாரமாக வென்டிலேட்டரிலும், இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவியிலும் கிடந்தார். இரண்டு நுரையீரலும் பயனற்றுப் போயின. டாக்டர் அங்கித் பாரத்தின் குழு இரண்டையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தியது. கொரோனா நோயாளிக்கு அமெரிக்காவில் நடந்த முதல் இரட்டை நுரையீரல் மாற்று அதுதான்.

கை வேலையைப் புகழ நான் வரவில்லை. அதற்கு முன் அவர்கள் காத்திருந்தார்களே, அந்த நாள்களை எண்ணிப் பாருங்கள். உறுப்பு மாற்றியவருக்கு ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தரவேண்டும். உடம்பில் கிருமி மிச்சமிருந்தால் புது நுரையீரலையும் அது தின்றுவிடும். ஆகவே கிருமி முற்றிலும் நீங்கியது என்று சோதனையில் தெரியும்வரை பொறுத்தார்கள். அதற்குள் மற்ற உறுப்புகளும் தளரத் தொடங்கின. பொறுத்தாலும் ஆபத்து, அவசரப்பட்டாலும் ஆபத்து!

இன்னொன்று. வெட்டி எடுத்த நுரையீரல்களை அவர்கள் குப்பையில் போடவில்லை. ஒவ்வொரு செல்லாக மரபணுச் செயல்பாட்டை ஆராய்ந்தார்கள். தழும்பேறி இறுகிப்போகும் ஃபைப்ரோசிஸ் நோயின் முற்றிய நிலையில் காண்பதைப் போன்ற மாற்றங்களே இங்கும் தெரிந்தன. சிலருக்கு நுரையீரல் இனித் தானாகத் தேறாது, மாற்றுவது ஒன்றே வழி என்பதற்கு அது சான்றாயிற்று. அறுவை மேசையும் ஆய்வுக்கூடமும் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

மற்ற அறுவை சிகிச்சைகளிலும் அந்த ஆண்டு இதே தவிப்புதான். தொற்றோடு இருப்பவரை அறுக்கலாமா? கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு அறுவை மருத்துவ ஆய்வுக் குழு, 24 நாடுகளின் 235 மருத்துவமனைகளிலிருந்து அப்படித் தொற்றோடு அறுவை செய்துகொண்ட 1,128 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டியது. 30 நாளுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்திருந்தார். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2021-இல் அதே குழு 116 நாடுகளில் 1,40,000-க்கும் மேற்பட்டவர்களைக் கணக்கில் எடுத்து, தள்ளிப்போட முடிந்த அறுவையைத் தொற்றுக்குப் பின் ஏழு வாரமாவது தள்ளிப்போடுங்கள் என்றது. ஏழு வாரம் கழிந்தும் இருமலோ மூச்சுத் திணறலோ விடாதவர்களுக்கு ஆபத்து இன்னும் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

2020 ஏப்ரலில் ஒரு நோயாளி, "எப்போது ஆபரேஷன் செய்வீர்கள், டாக்டர்?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. அடுத்த ஆண்டு இன்னொருவர் அதையே கேட்டபோது, "ஏழு வாரம்" என்றேன். "ஏன் ஏழு?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விளக்கமாகச் சொல்ல முடிந்தது.