பூர்கா வட்டத்துப் பாட்டிகளும் பேத்திகளும்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இன்று ஒரு வட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நாம் தாலுகா என்கிறோமே, ஏறக்குறைய அதுபோன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. மாஸ்கோவுக்குக் கிழக்கே, உரால் மலைக்கு மேற்கே, உத்முர்த்தியா என்று ஒரு குடியரசு இருக்கிறது. ரஷ்யக் கூட்டாட்சியின் ஓர் உறுப்பு அது. அதற்குள் 25 ஊரக வட்டங்கள். அவற்றில் ஒன்றின் தலைமையூர் மாலயா பூர்கா. 1929-ல் அமைந்த வட்டம். 2010 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 33,000. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் உத்முர்த் இனத்தவர்.

ஊர்ப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ரஷ்ய மொழியில் 'மாலயா' என்றால் சின்ன. உத்முர்த் மக்கள் அந்த ஊரைப் பிச்சி பூர்கா என்கிறார்கள். 'பிச்சி' என்றாலும் சின்னதுதான். ஒரே ஊர், ஒரே பொருள், இரண்டு நாக்கு. அந்த இரண்டாவது நாக்குக்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

உத்முர்த் மொழி ரஷ்ய மொழிக்கு உறவே இல்லை. கோமி என்ற மொழி அதற்கு உடன்பிறப்பு; பின்னிஷும் ஹங்கேரியனும் தூரத்துச் சொந்தம். 1775-லேயே அதற்கு ஓர் இலக்கணம் அச்சாகிவிட்டது. இன்று ரஷ்ய எழுத்தோடு தனக்கென்று ஐந்து எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

சரி, குடியரசின் பெயரே உத்முர்த்தியா, அப்படியானால் அங்கே அவர்கள்தானே பெரும்பான்மை என்று நினைப்பீர்கள். இல்லை. 2010-ல் நூற்றுக்கு 28 பேர்தான். காரணம் தலைநகர் இஜெவ்ஸ்கின் பிறப்பிலேயே இருக்கிறது. அது 1760-ல் ஓர் இரும்பாலையாகத் தொடங்கிய ஊர். 1807-ல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. கலாஷ்னிகோவ் துப்பாக்கி உருவாகும் ஊர் என்றால் உங்களுக்கு உடனே புரியும். வேலைக்கு ஆட்கள் வெளியிலிருந்து வந்தார்கள், நகரம் ரஷ்ய மொழி பேசியது. உத்முர்த் மக்கள் காட்டோடும் வயலோடும் கிராமத்தில் இருந்தார்கள், மொழியும் அவர்களோடு அங்கேயே இருந்தது. ஷர்கான், அல்னாஷி, தெபியோஸி, மாலயா பூர்கா போன்ற வட்டங்களில்தான் இன்றும் அவர்கள் பெரும்பான்மை.

ஒரு மொழி பிழைக்க எத்தனை லட்சம் பேர் வேண்டும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த மக்கள் எங்கே சேர்ந்து வாழ்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அடுப்படியிலும் கொட்டிலிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் ஒரே மொழியில் பகல் முழுக்கக் கழிய வேண்டும். கடைக்காரருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பூர்கா போன்ற வட்டம் அந்த இடத்தைக் கொடுக்கிறது.

அங்கே 'கெர்பெர்' என்று ஒரு கோடைத் திருவிழா உண்டு. 'கெர்' என்றால் ஏர், 'பெர்' என்றால் பிறகு. உழுது விதைத்து முடித்த பிறகு ஊர் கூடி, பெரிய கொப்பரையில் கஞ்சி காய்ச்சி, வேண்டுதல் செய்து எல்லோரும் உண்கிறார்கள். சோவியத் ஆட்சி போன பிறகு இது குடியரசு முழுமைக்கும் பொது விழாவாகி, ஆண்டுக்கு ஒரு வட்டத்தில் நடக்கிறது. 'பெரெபெச்சி' என்று ஒரு பண்டம்: சின்னக் கிண்ணம்போல மாவைக் கிள்ளி வடித்து, உள்ளே இறைச்சியோ காளானோ முட்டைக்கோஸோ வைத்து, முட்டையும் பாலும் அடித்து ஊற்றிச் சுட்டெடுப்பார்கள். ஏரும் அடுப்பும் இருக்கும்வரை அவற்றுக்கான சொற்களும் இருக்கும். நகரத்துக்குக் குடிபோன பேத்தி அந்தச் சொற்களை எங்கே பயன்படுத்துவாள்?

இந்த வட்டத்தில்தான் புரானவோ கிராமம் இருக்கிறது. உத்முர்த் மொழியில் பிராங்குர்த். 2012 மே மாதம், பாகு நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், ரஷ்யாவின் சார்பில் அந்தக் கிராமத்துப் பாட்டிகள் ஆறு பேர் மேடையேறினார்கள். கிராமத்து உடை, தலையில் துணி, மேடையிலேயே ஓர் அடுப்பு. பாட்டின் பெரும்பகுதி உத்முர்த் மொழியில். 259 புள்ளிகள் பெற்று இரண்டாம் இடம். ஐரோப்பாவே எழுந்து கைதட்டியது. அந்தக் காணொளியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது. கிடைக்கும் பணத்தைக் கொண்டு, 1939-ல் இடிக்கப்பட்ட தங்கள் ஊர்த் தேவாலயத்தைத் திரும்பக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். கட்டியும் விட்டார்கள்.

ஆனால் அடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். 2010-ல் ரஷ்யா முழுவதும் உத்முர்த் மக்கள் 5,52,000 பேர். 2021-ல் 3,86,000 பேர். இனம் என்ன என்ற கேள்விக்குப் பதில் பதிவாகாதவர்களும் அந்தக் கணக்கெடுப்பில் நிறைய. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் சரிவு பெரிது. பாட்டிகளுக்குக் கைதட்டிய நாம், பேத்திகள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை.

2018-ல் ஒரு சட்டம் வந்தது. தாய்மொழிப் பாடத்தைப் பள்ளியில் படிக்க வேண்டுமானால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். தேர்வுக்கும் வேலைக்கும் ரஷ்ய மொழிதான் என்ற நிலையில், எத்தனை வீட்டில் அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழும்? 2019 செப்டம்பர் 10 அன்று, ஆல்பெர்ட் ராஸின் என்ற 79 வயது அறிஞர் இஜெவ்ஸ்க் சட்டமன்றத்தின் முன்னால் தீக்குளித்து இறந்தார். அந்த வழி யாருக்கும் வேண்டாம். அவர் கையில் இருந்த அட்டையில், நாளை என் மொழி மறையுமானால் இன்றே நான் இறக்கத் தயார் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. நம் ஊரில் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

புரானவோவின் அந்தத் தேவாலயத்தைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. இடிபடுவதற்கு முன்னால், 1900 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே பாதிரியாராக இருந்தவர் கிரிகோரி வெரெஷாகின். உத்முர்த் மொழியின் முதல் எழுத்தாளர் அவர்தான். 1889-ல் அவர் தன் ஆய்வு நூலில் ஒரு தாலாட்டைச் சேர்த்தார். நீலப் புறாவை அழைத்துத் தொடங்கும் பாட்டு. அந்த மொழியில் சொந்தமாகக் கவிதை எழுதி வெளியிட வழியில்லாத காலம் என்பதால், மக்கள் பாடும் பாட்டு என்ற பெயரில் வெளியிட்டார். அது அவரே எழுதியது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் தாய்மார்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உத்முர்த் மொழியின் முதல் எழுத்தாளர் அச்சேற்றிய அந்தக் கவிதை, பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு. பூர்காவிலிருந்து இஜெவ்ஸ்குக்கு நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அந்தச் சாலையில் போய் நகரத்தில் அடுக்குமாடியில் குடியேறிய ஒரு தாய், இரவில் தொட்டிலுக்கு அருகே எந்த மொழியில் பாடுகிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

நன்றி. அவர்கள் மொழியில் சொன்னால், தாவ்.