கூலிக்கு மூவர், பழிக்கு ஒருவன்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கொலைச் செய்தி எதை எடுத்துக்கொண்டாலும் அதன் இரண்டாம் பத்தியில் பெரும்பாலும் ஒரு சொல் இருக்கும்: முன்விரோதம். இறந்தவர் யாரோடு சண்டை போட்டார், யாருக்குக் கடன் கொடுத்தார், யாருடைய சொத்துக்கு இடையூறாக இருந்தார் என்று காவல்துறை ஒரு பட்டியல் போடும். கொன்றவன் அநேகமாக அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருப்பான். கூலிக்கொலை என்பது இந்தப் பட்டியலை ஏமாற்றுவதற்காகவே உருவான தொழில். இறந்தவரை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவன், வெளியூரிலிருந்து வந்து, வேலையை முடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிப் போய்விட்டால், எந்த முன்விரோதத்தைக் கொண்டு அவனைத் தேடுவது?

1930களில் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் இயங்கிய ஒரு கும்பல் இதையே முறையான தொழிலாக நடத்தியது. பத்திரிகைகள் அதற்கு ‘மர்டர் இன்கார்ப்பரேட்டட்’ என்று பெயர் சூட்டின. ஒரு மிட்டாய்க் கடைதான் அவர்கள் கூடும் இடம். தேவைப்படும் நகரத்துக்கு அங்கிருந்து ஆள் போகும். அந்தக் கும்பலைக் காவல்துறையின் துப்பறியும் திறமை உடைக்கவில்லை. 1940இல் ஏப் ரெலஸ் என்ற உறுப்பினர் அப்ரூவராக மாறி வாய் திறந்ததால்தான் அது உடைந்தது. 1941 நவம்பரில், காவலர்களின் பாதுகாப்பில் இருந்தபோதே, ஒரு ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து அவர் இறந்தார் என்பதும், கும்பலின் தலைவர்களில் ஒருவரான லெப்கி புகால்டர் 1944இல் மின்நாற்காலியில் அமர்த்தப்பட்டார் என்பதும் வரலாறு.

ஆனால் கதைகளில் வரும் கூலிக்கொலையாளிக்கும் நிஜத்தில் இருப்பவனுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். பிரிட்டனின் பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழகக் குற்றவியலாளர்கள் 1974 முதல் 2013 வரையிலான 27 கூலிக்கொலை வழக்குகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் தொடர்புடைய கொலையாளிகள் 36 பேர். சராசரிக் கூலி 15,180 பவுண்டு. மிகக் குறைந்த கூலி 200 பவுண்டு. கருப்புக் கண்ணாடியும் வெளிநாட்டுத் துப்பாக்கியும் வைத்திருக்கும் மனிதனை மறந்துவிட்டு, 200 பவுண்டுக்கு ஓர் உயிரை எடுக்க ஒப்புக்கொண்டவனை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நிஜத்தில் சாமானியனும் கூலிக்கொலையாளியும் பல நேரங்களில் ஒரே ஆள்தான். த்ரில்லர் எழுத்தாளர்தான் அவர்களைப் பிரித்து, எதிரெதிரே நிற்க வைக்கிறார்.

அப்படிப் பிரித்து வைப்பதால் கிடைப்பது என்ன என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு ஜப்பானிய நாவலைத் துணைக்கு அழைக்கிறேன்: கொத்தாரோ இசாக்கா 2004இல் எழுதிய ‘கிராஸ்ஹாப்பர்’. ஆங்கிலத்தில் அது 2022இல்தான், வேறு தலைப்பில், ‘த்ரீ அசாசின்ஸ்’ என்று வந்தது. இதே உலகத்தில் நடக்கும் அவருடைய அடுத்த நாவல், ‘புல்லட் டிரெய்ன்’ என்ற பெயரில், அதற்கு ஓராண்டு முன்பே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. ஆகவே ஆங்கிலத்தில் படித்தவர்களில் பலர் தம்பியைப் பார்த்த பிறகுதான் அண்ணனைப் பார்த்தார்கள்.

நாவலின் நாயகன் சுசுகி கணித ஆசிரியராக இருந்தவன். அவன் மனைவி மீது ஒருவன் காரை ஏற்றிக் கொன்றுவிடுகிறான். ஏற்றியவன் தெராஹாரா என்ற நிழலுலகப் பெருமுதலாளியின் மகன்; சட்டம் அவனை எதுவும் செய்யவில்லை. சுசுகி பழிவாங்குவதற்காக அந்த முதலாளியின் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்கிறான். கதை தொடங்கும் இரவில் அவன் ஒரு காரில் உட்கார்ந்திருக்கிறான். பின் இருக்கையில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும். உன் விசுவாசத்தை நிரூபிக்க வேண்டுமானால் இவர்களைச் சுடு என்கிறாள் அவனுடைய மேலதிகாரி. பழிவாங்க வந்தவன் முதலில் தனக்கு எந்த முன்விரோதமும் இல்லாத இருவரைக் கொல்ல வேண்டும். அதாவது கூலிக்கொலையாளி ஆக வேண்டும். அந்த நேரத்தில் தெராஹாராவின் மகன் சாலையைக் கடந்து அவர்களை நோக்கி வருகிறான். யாரோ அவனை முதுகில் தள்ளிவிடுகிறார்கள். வாகனம் அடித்துச் சாகிறான். சுசுகி எவனுக்காகக் காத்திருந்தானோ அவன் போய்விட்டான். பழி தீர்ந்ததா, திருடப்பட்டதா?

இந்த இடத்தில் ஜப்பானிய வரலாற்றிலிருந்து ஒரு தகவலைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. சாமுராய்கள் ஆண்ட ‘எதோ’ (Edo) காலத்தில் அங்கே பழிவாங்குதல் சட்டப்படி செய்யக்கூடிய காரியமாக இருந்தது. தந்தையையோ பிரபுவையோ பறிகொடுத்த சாமுராய் அதிகாரிகளிடம் பதிவு செய்து, அனுமதி பெற்று, கொன்றவனைத் தேடிப் புறப்படலாம். அந்த ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1873இல் அதைத் தடை செய்தது. ஆனால் அந்த அனுமதி தனக்கு மூத்தவர்களின் சாவுக்குத்தான் உண்டு. மனைவிக்காகவோ பிள்ளைக்காகவோ அதைக் கேட்க முடியாது. ஆக, சுசுகி இருநூறு ஆண்டுகள் முன்னே பிறந்திருந்தாலும் அவனுக்கு எந்த அலுவலகத்திலும் கதவு திறந்திருக்காது. பழிவாங்கும் நாயகனை மரபின் வாரிசாகக் காட்டும் கதைகள் எத்தனையோ உண்டு. சுசுகிக்கு அந்தக் கௌரவம்கூட இல்லை. என் கணிப்பில், நாவலின் நேர்மை இங்கிருந்தே தொடங்குகிறது.

இனி மூன்று தொழில்காரர்கள். ‘திமிங்கிலம்’ என்பவன் யாரையும் தொட்டுக் கொல்வதில்லை. அவன் கண்களைப் பார்ப்பவர்கள் தாங்களாகவே வாழ்க்கையை முடித்துக்கொள்கிறார்கள். ‘சிள்வண்டு’ என்பவன் கத்திக்காரன். குடும்பத்தோடு கொல்ல வேண்டிய வேலைகளுக்கு மறுப்பில்லாமல் போகிறவன். மூன்றாமவன் ‘தள்ளுபவன்’, கூட்டத்தில் நின்று முதுகில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். மூவரின் முறையையும் கூர்ந்து பாருங்கள். ஒன்று தற்கொலை என்று பதிவாகும், இன்னொன்று விபத்து என்று பதிவாகும். கத்தி ஒன்றுதான் கொலை என்று பதிவாகும்; அங்கேயும் முன்விரோதம் கிடைக்காது.

அப்படியிருந்தும் இவர்கள் ஒருவர்மீது ஒருவர் பாய்வது எப்படி? பல ஆண்டுகளுக்கு முன் திமிங்கிலத்திடம் வந்த வேலை ஒன்றைத் தள்ளுபவன் முந்திக்கொண்டு முடித்துவிட்டான். அந்த வடு ஆறவில்லை. திமிங்கிலம் சாகடித்தவர்கள் ஆவிகளாக வந்து அவனிடம் பேசுகிறார்கள்; கணக்கைத் தீர்த்துவிட்டு ஓய்வு பெறு என்கிறார்கள். அவன் வாழ்க்கையில் படித்த ஒரே நாவல், கொலை செய்தவனின் மனசாட்சி வதையைச் சொல்லும் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. (இதைப் படிக்கும்போது சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.) சிள்வண்டுக்கோ வேறு நோய். அவனுக்கு வேலை பிடித்துக்கொடுக்கும் தரகன் இவானிஷி கையில் தான் வெறும் பொம்மைதானோ என்ற சந்தேகம், ஒரு திரைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனை அரிக்கிறது. எல்லோரும் தேடும் தள்ளுபவனைத் தானே பிடித்துவிட்டால் தான் பொம்மை இல்லை என்று நிரூபணம் ஆகிவிடும் என்று நினைக்கிறான். திமிங்கிலத்துக்கு வேலை கொடுத்த அரசியல்வாதி, அவன் எங்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவானோ என்ற பயத்தில், அவனையே கொல்லச் சிள்வண்டின் தரகனிடம் போகிறான் என்பது இன்னொரு முடிச்சு.

என் வாதம் இதுதான். நோக்கமே இல்லாமல் கொல்வதால் பிழைத்து வந்தவர்களுக்கு நோக்கம் வந்துவிடுகிறது. பொறாமை, வருத்தம், தன்மானம் என்று மனிதர்களுக்கு வரும் எல்லாம் அவர்களுக்கும் வருகின்றன. முன்விரோதம் முளைத்த அந்தக் கணத்தில் அவர்களுடைய தொழில்பலம் போய்விடுகிறது, பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள். போட்டிக் கொலையாளிகளைக் கொண்டு எழுதப்படும் த்ரில்லர்களில் நல்லவற்றை மற்றவற்றிலிருந்து பிரிப்பது துப்பாக்கிச் சண்டையின் வேகம் அன்று. இந்த நோக்கம் எப்படி, எந்தச் சின்ன இடத்தில் உள்ளே நுழைகிறது என்பதை எழுத்தாளர் பார்த்திருக்கிறாரா என்பதே. இசாக்கா பார்த்திருக்கிறார். சிள்வண்டு வீட்டில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சின்னஞ்சிறு சிப்பிகளைப் போட்டு வைத்து, அவை மூச்சுவிடும்போது மேலே வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். பிறகு அவற்றைச் சமைத்துத் தின்றுவிடுவான் என்பது வேறு விஷயம். உயிர் என்றால் என்ன என்பது பற்றி அவன் யோசிக்கிற ஒரே இடம் அந்தக் கிண்ணம்தான்.

தலைப்புக்கு வருகிறேன். வெட்டுக்கிளிகள் தனித்தனியாக வாழும்போது ஒரு நிறம், ஒரு குணம். நெருக்கமாக அடைபட்டு வளர்ந்தால் நிறம் மாறி, குணம் மாறி, படையெடுக்கும் கூட்டமாகிவிடுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் அல்ல, ஓர் இனத்தின் இரண்டு நிலைகள் என்பதை போரிஸ் உவாரோவ் என்ற பூச்சியியலாளர் 1921இல் எடுத்துரைத்தார். செரட்டோனின் என்ற வேதிப்பொருள் இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது என்பது 2009இல் தெரியவந்தது. மனிதர்களும் நெரிசலில் அப்படித்தான் கறுத்துப் போகிறார்கள் என்று நாவலில் தள்ளுபவன் சொல்கிறான். நெரிசலையே ஆயுதமாகக் கொண்டவன் வாயிலிருந்து இது வருவதால் நான் அதை முழுமையாக நம்பத் தயாராக இல்லை. எந்தத் தொழில்காரனும் தன் தொழிலுக்கு ஒரு தத்துவம் வைத்திருப்பான்.

சுசுகியின் நிலை இதற்கு நேர்மாறானது. நோக்கத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் வந்தவனுக்கு அந்த நோக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. தள்ளுபவனைப் பின்தொடர்ந்து வீட்டைக் கண்டுபிடி என்று நிறுவனம் உத்தரவிட, அவனும் போகிறான். போன இடத்தில் ஒரு மனைவி, இரண்டு சிறுவர்கள். வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித்தரும் ஆசிரியன் என்று பொய் சொல்லி உள்ளே நுழைகிறான். ஆசிரியனாக இருந்தவனுக்கு அந்தப் பொய் எளிதாகவே வந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்தைப் பற்றிய உண்மையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. படிக்காதவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் அவன் நிற்கும் நிலையை மட்டும் சொல்லலாம். தன் பழியைத் தட்டிப் பறித்தவன் எதிரே அமைதியாக உட்கார்ந்திருக்கிறான். சிறுவன் ஒருவன் புது ஆசிரியரை ஏற இறங்கப் பார்க்கிறான். செல்பேசி மறுபடி ஒலிக்கிறது. நிறுவனம் முகவரியைக் கேட்கிறது. சுசுகிக்கு முகவரி தெரியும். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்கிறான்.